முதலாளியா, தருமகர்த்தாவா?

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பெருஞ்செல்வரின் வரலாறு. செல்வரைப் பற்றிப் பேசுவது நம் நாட்டில் சற்றுச் சங்கடமான காரியம். புகழ்ந்தால் பொருளுக்காகப் புகழ்ந்தான் என்பார்கள். குறை சொன்னால் பொறாமையால் சொன்னான் என்பார்கள். ஆயினும், பல்லாண்டுகள் கல்லூரியில் வணிகவியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்த ஒரு வரலாற்றை நேயர்களுக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

'முதலாளி' என்னும் சொல்லைச் சிறிது எண்ணிப் பாருங்கள். முதலை ஆள்பவன் முதலாளி. அந்த முதல் யாருடையது என்பதைப் பற்றி அச்சொல் ஒன்றும் சொல்லவில்லை. எனினும், வழக்கில் நாம் அதை உடையவன் என்ற பொருளிலேயே ஆள்கிறோம். நம்மிடையே இன்னொரு சொல்லும் உண்டு. அது தருமகர்த்தா என்பது. கோயில் நிலத்தில் ஒரு குழிகூடத் தருமகர்த்தாவுக்குச் சொந்தமில்லை. ஆனால் குத்தகை நெல் வந்து சேர வேண்டும், மடைப்பள்ளியில் உலை ஏற வேண்டும், சந்நிதியில் விளக்கு எரிய வேண்டும். இவை அனைத்துக்கும் அவரே பொறுப்பு. உடைமை இல்லாத பொறுப்பு அது. என் மாணவர்களுள் பலர் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள், ஆலை நடத்துபவர்களின் பிள்ளைகள். "குடும்பத் தொழிலின் தலைமைக்கு வருகிறவன் இவ்விருவரில் யார்?" என்று அவர்களைக் கேட்பது என் வழக்கம். அந்தக் கேள்விக்கு நம் காலத்தில் வாழ்ந்து காட்டிய விடையாகவே ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா எனக்குத் தோன்றுகிறார். ஜே.ஆர்.டி. என்று நாடு அவரை அழைத்தது. 1938-ஆம் ஆண்டு முதல் 1991-ஆம் ஆண்டு வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல், இந்தியாவின் மிகப் பெரிய தொழிற் குடும்பம் ஒன்றுக்கு அவர் தலைமை தாங்கினார்.

அக்குடும்பத்தின் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்ஸி வகுப்பில் தோன்றிய ஜம்ஷெட்ஜி டாட்டா 1868-ஆம் ஆண்டில் 21,000 ரூபாய் முதலுடன் பம்பாயில் ஒரு வணிக நிலையம் தொடங்கினார். 1877-இல் நாகபுரியில் எம்ப்ரஸ் ஆலை எழுந்தது. 1903-இல் பம்பாய்க் கடற்கரையில் தாஜ்மகால் ஓட்டல் திறக்கப்பெற்றது. உருக்காலை, நீர்மின் நிலையம், அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் ஆகிய மூன்று கனவுகள் அவருக்கு இருந்தன. அவை நனவாகு முன்னரே 1904-ஆம் ஆண்டு மே மாதம் அவர் கண்மூடினார். அவருடைய மக்களான தோராப்ஜியும் ரத்தன்ஜியும் அக்கனவுகளை நிறைவேற்றினர். 1907-இல் உருக்குக் கம்பெனி பிறந்தது. 1912-இல் அதன் உலையிலிருந்து முதன்முதலாக உருக்கு வந்தது. பெங்களூரில் 1909-இல் அறிவியல் கழகம் அமைந்தது.

இனி வருவதுதான் நாம் கருத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. இவ்விரு சகோதரர்களுக்கும் பிள்ளைப் பேறு இல்லை. இளையவர் 1918-இலும் மூத்தவர் 1932-இலும் காலமாயினர். இருவரும் தம் செல்வத்தை அறக்கட்டளைகளுக்கே எழுதி வைத்தனர். குடும்பத்தின் தலைமை நிறுவனமான டாட்டா சன்ஸின் பங்குகளில் பெரும்பகுதி இவ்வாறு அறநிலையங்களின் கைக்குச் சென்றது. ஆலைகள் ஈட்டும் ஆதாயத்தின் ஒரு பங்கு டாட்டா சன்ஸுக்கு வரும்; அங்கிருந்து அறநிலையங்களுக்குச் செல்லும்; அங்கிருந்து மருத்துவமனைக்கும் கல்விக்கும் செல்லும். எனவே, இந்தக் குடும்பத்தின் தலைவராக எவர் வந்தாலும், அவர் ஆள்வது தமது முதலை அன்று. ஜே.ஆர்.டி. வந்து அமர்ந்த நாற்காலி தொடக்கத்திலிருந்தே தருமகர்த்தாவின் நாற்காலியாக இருந்தது. நாற்காலி அப்படி அமைந்தால் மட்டும் போதுமா? அதில் அமர்கிறவரும் அதை உணர வேண்டாமா? கோயிற் பூனை தேவருக்கு அஞ்சாது என்ற பழமொழி நம்மிடையே வீணாகப் பிறந்ததில்லை.

ஜம்ஷெட்ஜி மறைந்த அதே 1904-ஆம் ஆண்டில், ஜூலை 29-ஆம் நாள், பாரிஸ் மாநகரில் ஜே.ஆர்.டி. பிறந்தார். தந்தை ஆர்.டி. டாட்டா, ஜம்ஷெட்ஜியின் உறவினர்; தொழிலிலும் கூட்டாளி. தாய் பிரெஞ்சுப் பெண்மணி. பிள்ளையின் முதல் மொழி பிரெஞ்சு. வட பிரான்சில் ஆர்தலோ என்னும் கடற்கரை ஊரில் அவர்கள் கோடையைக் கழிப்பார்கள். 1909-இல் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து உலகப் புகழ் பெற்ற லூயி பிளேரியோவின் வீடும் அங்கேதான் இருந்தது. மணற்பரப்பில் விமானங்கள் வந்திறங்குவதைக் கண்ட சிறுவனின் உள்ளம் அன்றே வானில் பறக்கத் தொடங்கிற்று.

பிரெஞ்சுக் குடிமகன் என்ற முறையில் அவர் அந்நாட்டுப் படையில் ஓராண்டு பணிபுரிந்தார். பிறகு கேம்பிரிட்ஜில் கற்க வேண்டும் என்று விரும்பினார். ஆனால், தந்தை அவரைப் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். 1925-ஆம் ஆண்டு இறுதியில், சம்பளமில்லாத பயிற்சியாளராக அவர் டாட்டா அலுவலகத்தில் நுழைந்தார். உருக்குக் கம்பெனியின் பொறுப்பிலிருந்த ஜான் பீட்டர்சன் என்பாரின் அறையில் அவருக்கு ஒரு மேசை. பீட்டர்சனுக்கு வரும் காகிதங்களெல்லாம் முதலில் அந்த இளைஞரின் கையைத் தாண்டியே செல்லும். மறு ஆண்டு தந்தை காலமானார். இருபத்திரண்டு வயதில் தந்தையின் டைரக்டர் பதவியும் குடும்பத்தின் பாரமும் ஒருசேர அவர் தோளில் ஏறின. கல்லூரிக்குச் செல்லவில்லையே என்ற ஏக்கம் அவரைவிட்டு நீங்கியதில்லை. அந்த ஏக்கமே பின்னாளில் அவரை ஓயாது படிக்கிற மனிதராக ஆக்கிற்று. 1929-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்து முழு இந்தியரானார்.

அதே 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் விமானம் ஓட்டும் உரிமம் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்திருந்தார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து புறப்பட்டார், ஆஸ்பி இன்ஜினியர் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். எகிப்து நாட்டில் அபுகீர் என்னும் இடத்தில் இருவரும் சந்தித்தனர். இன்ஜினியரின் விமானத்துக்கு ஒரு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. தம்மிடம் உபரியாக இருந்ததை ஜே.ஆர்.டி. எடுத்துக் கொடுத்தார். சில மணி நேர வேறுபாட்டில் பரிசு இன்ஜினியருக்குச் சென்றது. அந்த இன்ஜினியரே 1960-இல் இந்திய விமானப் படையின் தளபதியானார். போட்டியாளனுக்குக் கருவி கொடுத்துத் தோற்பது வணிகப் பாடநூலில் இல்லாத பாடம். ஆயினும், இந்த மனிதர் பின்னாளில் எப்படித் தலைமை தாங்கப் போகிறார் என்பதற்கு அது முன்னறிவிப்பு எனலாம்.

அக்காலத்தில் நெவில் வின்சென்ட் என்ற ஆங்கிலேய விமானி ஒரு யோசனையுடன் டாட்டாக்களிடம் வந்தார். இங்கிலாந்திலிருந்து கராச்சி வரை வான்வழித் தபால் வருகிறது. அங்கிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு அதை நாம் கொண்டு போகலாமே என்பது யோசனை. தோராப்ஜி முதலில் தயங்கினார். பீட்டர்சன் பரிந்து பேசினார். இரண்டு லட்சம் ரூபாய் முதலீட்டில் இந்திய விமானப் போக்குவரத்துக்குக் கால்கோள் நடைபெற்றது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் காலை, ஒற்றை இயந்திரம் பூட்டிய சிறிய பஸ்மாத் விமானத்தில் தபால் மூட்டையுடன் ஜே.ஆர்.டி. கராச்சியை விட்டுப் புறப்பட்டார். வழியில் அகமதாபாத்தில் எண்ணெய் நிரப்ப வேண்டும். எண்ணெய்த் தகரங்கள் எதில் வந்தன தெரியுமா? மாட்டு வண்டியில் வந்தன! பிற்பகலில் பம்பாய் ஜுஹுவில் விமானம் இறங்கிற்று. அங்கிருந்து தபாலை வின்சென்ட் ஏற்றுக்கொண்டு, பெல்லாரியில் தங்கி, நம் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். இந்தியாவின் வான்வழி வரலாற்றில் முதல் பயணத்தின் ஒரு முனை கராச்சி என்றால், மறுமுனை சென்னை. இதை நாம் பெருமையுடன் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1938-ஆம் ஆண்டு ஜூலை மாதம் டாட்டா சன்ஸின் தலைவர் நௌரோஜி சக்லத்வாலா காலமானார். டைரக்டர் குழுவில் மூத்தவர்கள் இருக்க, முப்பத்து நான்கு வயது நிரம்பாத ஜே.ஆர்.டி.யைத் தலைவராகத் தேர்ந்தனர். அன்று குடும்பத்தின் நிறுவனங்கள் பதினான்கு. அவர் விலகிய நாளில் அவை தொண்ணூற்றைந்து எனக் கணக்கிடுவர். இரசாயனம், லாரி, தேயிலை, ஒப்பனைப் பொருள், குளிர்சாதனம், கணிப்பொறிப் பணி, கைக்கடிகாரம் என்று அவை பல்கின. இந்தப் பட்டியலை முழுதும் ஓதுவது என் நோக்கமன்று. இவ்வளவையும் ஒருவர் எப்படி ஆண்டார் என்பதே நமக்கு வேண்டியது.

உண்மையில் அவர் அவற்றை ஆளவில்லை, ஆள்பவர்களைத் தேர்ந்தார். வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். ஆளைத் தேர்ந்து, தேர்ந்த பின் அவனிடம் ஐயம் கொள்ளாது வினையை விட்டுவிடுவது தலைவனின் திறம் என்பது அதன் சாரம். ஜே.ஆர்.டி.யின் ஆட்சி அவ்வதிகாரத்துக்கு எழுதப்பட்ட உரை போல இருக்கிறது. லாரித் தொழிலுக்குச் சுமந்த் மூல்காவ்கர் வாய்த்தார். உப்பு மண்ணான மிட்டாபூரில் 1939-இல் தொடங்கிய இரசாயன ஆலை நெடுங்காலம் தடுமாறிற்று. தர்பாரி சேட் என்பவர் அதை நிமிர்த்தினார். 1968-இல் தோன்றிய கணிப்பொறி நிறுவனத்துக்குக் கோஹ்லி வந்தார். 1984-இல் நம் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்துடன் கூட்டாகத் தொடங்கிய கடிகார நிறுவனத்துக்குச் செர்க்ஸஸ் தேசாய் தலைமை ஏற்றார். அதன் ஆலை நம் ஓசூரில் அமைந்தது. இவர்களுள் ஒவ்வொருவரும் தத்தம் துறையில் தலைவரைவிட அதிகம் அறிந்தவர்கள். அதை ஜே.ஆர்.டி. நன்கு அறிவார், அறிந்தே மகிழ்ந்தார். தம்மைவிடக் கெட்டிக்காரனைக் கண்டு அஞ்சாமலிருப்பது உடையவனுக்குக் கடினம்; தருமகர்த்தாவுக்கு எளிது. ஏனெனில், நல்ல கணக்கன் அமைந்தால் கோயிலுக்கு நன்மை. அதனால் அவர் எதையும் இழப்பதில்லை.

1970-ஆம் ஆண்டில் ஒரு பெருஞ்சோதனை வந்தது. அதுவரை மானேஜிங் ஏஜென்ஸி என்ற முறையால் பல கம்பெனிகளைத் தலைமை நிறுவனம் சட்டப்படி நிர்வகித்து வந்தது. அரசாங்கம் அம்முறையை ஒழித்தது. அதற்கு முந்திய ஆண்டில் ஏகபோகக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்திருந்தது. பல டாட்டா கம்பெனிகளில் டாட்டா சன்ஸுக்கு இருந்த பங்கு மிகச் சிறியது. ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியே போக நினைத்திருந்தால் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. கயிறு அறுந்துவிட்டது, ஆனால் மணிகள் சிதறவில்லை. தலைவரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு ஒன்றே அவற்றை ஒரு பெயரின்கீழ் நிறுத்தி வைத்தது. அதிகாரம் போன பிறகும் எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே ஒருவருடைய உண்மையான தலைமை என்று நான் கருதுகிறேன்.

தொழிலாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாம்ஷெட்பூர் உருக்காலையில் எட்டு மணி நேர வேலை 1912-இலேயே வந்தது. சேமநிதி 1920-இல் வந்தது. இவற்றைச் சட்டம் கட்டாயமாக்கியது பல்லாண்டுகள் கழித்துத்தான். ஆயினும், ஜாம்ஷெட்பூர் பூசலே அறியாத பொன்னுலகம் என்று எண்ணிவிட வேண்டாம். 1928-இல் அங்கே நீண்ட வேலைநிறுத்தம் நடந்ததுண்டு. சலுகை கொடுப்பது வேறு, மதித்து உடனமர்த்திப் பேசுவது வேறு என்பதை ஜே.ஆர்.டி. உணர்ந்தார். இயந்திரத்தைப் பராமரிக்கத் தனிப் பிரிவு வைத்திருக்கும் ஆலை, மனிதரைப் பேணத் தனிப் பிரிவு வைக்கவில்லையே என்று எண்ணி, 1947-இல் அதற்கென ஓர் இலாகா அமையச் செய்தார். 1956-இல் தொழிற்சங்கத்துடன் ஏற்பட்ட உடன்படிக்கை, நிர்வாகமும் தொழிலாளரும் கூடி ஆலோசிக்கும் குழுக்களுக்கு வழி வகுத்தது. இதன் பயன் 1979-இல் தெரிந்தது. உருக்காலையை அரசுடைமையாக்கலாம் என்ற பேச்சு டெல்லியில் எழுந்தபோது, வேண்டாம் என்று குரல் கொடுத்தது தொழிலாளர் சங்கமே!

இவ்விடத்தில் 1924-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். அது ஜே.ஆர்.டி. தலைமைக்கு வருமுன் நடந்தது. உருக்காலையில் கூலி கொடுக்கப் பணமில்லை என்ற நிலை வந்தது. தோராப்ஜி தம் சொந்தச் சொத்தையும், தம் மனைவியாரின் நகைகளையும் வங்கியில் ஈடு வைத்துக் கடன் பெற்று ஆலையைக் காத்தார். ஆலைக்காக இல்லத்தின் நகை போயிற்று. நம் ஊர்களில் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் அல்லவா பொருள் பாய்கிறது? கல்லாப் பெட்டியிலிருந்து பணம் கல்யாணப் பந்தலுக்குப் போகிறது, கடை மெலிகிறது. ஜே.ஆர்.டி. பெற்ற உண்மையான பிதிரார்ஜிதம் அந்த 1924-ஆம் ஆண்டின் நினைவுதான்.

இனி, அவர் வாழ்வின் மிகக் கடுமையான பகுதிக்கு வருகிறேன். அவர் நெஞ்சுக்கு மிக நெருங்கியது விமானக் கம்பெனி. 1946-இல் அது ஏர் இந்தியா எனப் பெயர் பெற்றது. 1948 ஜூன் 8-ஆம் நாள் 'மலபார் பிரின்ஸஸ்' என்னும் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது, ஜே.ஆர்.டி.யும் அதில் சென்றார். ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1953-இல் விமானக் கம்பெனிகள் அனைத்தும் அரசுடைமையாயின. முன்கூட்டித் தம்மைக் கலந்து பேசவில்லை என்பது அவருக்குப் பெரிய வருத்தம். அவ்வருத்தத்தை நேருவிடம் மறைக்கவுமில்லை. அதன் பின் அரசாங்கம் அவரையே வெளிநாட்டு விமான சேவையின் தலைவராக இருக்கும்படி கேட்டது.

அன்பர்களே, இங்கே சிறிது நிற்போம். ஒருவன் கட்டிய வீட்டை ஊரார் எடுத்துக்கொண்டு, "நீயே இதைக் கூட்டி மெழுகி வா, கூலி கிடையாது" என்றால் அவன் என்ன செய்வான்? உடையவனாயின் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவான். அதைத் தவறென்று எவரும் சொல்ல மாட்டார். ஜே.ஆர்.டி. அப்பணியை ஏற்றார். ஊதியமின்றி இருபத்தைந்து ஆண்டுகள் செய்தார். விமானத்தில் பயணம் செய்யும்போதெல்லாம் கையில் குறிப்பேடு இருக்கும். நாற்காலி சாய்கிறதா, திரைச்சீலையின் நிறம் பொருந்துகிறதா, உணவு சூடாக வந்ததா என்று எழுதுவார். தேநீருக்கும் காப்பிக்கும் நிறத்தில் வேற்றுமை தெரியவில்லை என்றுகூட ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார். சொத்து தம்முடையதாக இருந்தபோது காட்டிய கவனத்தை, அது நாட்டினுடையதான பின்பும் ஓர் இழைகூடக் குறைக்காமல் காட்டினார். என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அவரிடம் ஒரு வார்த்தையும் கலந்துகொள்ளாமல், அன்றைய அரசாங்கம் அவரைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கி வேறொருவரை அமர்த்தியது. எழுபத்து மூன்று வயதில் அந்த அடி விழுந்தது. அது ஆழ்ந்த காயம். எனினும், அவர் அதைக் கொண்டு ஒரு கட்சி கட்டவில்லை, வழக்குத் தொடுக்கவில்லை. 1980-இல் இந்திரா காந்தி அம்மையார் அவரை டைரக்டர் குழுவுக்கு மீண்டும் அழைத்தார், அவரும் சென்றார். 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், முதல் பயணத்தின் ஐம்பதாண்டு நிறைவில், எழுபத்தெட்டு வயதான அவர் பழைய காலத்துச் சிறு விமானம் ஒன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு கராச்சியிலிருந்து பம்பாய் வந்து இறங்கினார். பதவியைப் பறிக்கலாம், வானத்தைப் பறிக்க முடியுமா?

அறநிலையங்களின் பணத்தை அவர் எவ்வாறு செலவிடச் செய்தார் என்பதும் அறியத்தக்கது. 1941-இல் பம்பாயில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அந்நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சிய காலம் அது. ஹோமி பாபா என்ற இளம் விஞ்ஞானி, அணு ஆராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டும் என்று எழுதினார். 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் தோன்றிற்று. ஆதாயம் எப்போது வரும் என்று கேட்காத முதலீடுகள் இவை. அவருக்கு மக்கட்பேறு இல்லை. தம் பங்குகளில் ஒரு பகுதியையும் அவர் அறக்கட்டளையாக்கினார். 1944-இல் பிற தொழிலதிபர்களுடன் சேர்ந்து 'பம்பாய்த் திட்டம்' வெளியிட்டபோதும் அவர் நோக்கு தம் குடும்பத்தைத் தாண்டியே சென்றது. பதினைந்து ஆண்டுகளில் தனிமனிதர் வருமானத்தை இருமடங்காக்குவதற்குப் பத்தாயிரம் கோடி ரூபாய் திட்டம் அது. அதில் கையொப்பமிட்டோருள் ஒருவரான ஜான் மத்தாய், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தவர்.

இவரிடம் குறையே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். குறையில்லாத மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. சந்தித்தால் அவரைப் பற்றி வானொலியில் பேச ஒப்பவும் மாட்டேன். நம்பி விட்டுவிடும் அவருடைய குணத்துக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. அவர் தேர்ந்த தளபதிகள் நாளடைவில் குறுநில மன்னர்களாயினர். முதுமை வந்தும் நாற்காலியை விடாதவர்கள் இருந்தனர். அவர் அமர்ந்திருந்தவரை அவர் முகத்துக்காக அடங்கியிருந்தவர்கள், அவருக்குப்பின் வந்தவரிடம் அவ்வாறு அடங்கவில்லை. தனிமனிதரின் மதிப்பினால் கட்டிய கட்டு, அம்மனிதர் விலகும்போது நெகிழத்தானே செய்யும்? இன்னொன்றும் உண்டு. அவர் தாமே விலகியபோது வயது எண்பத்தாறு. ஐம்பது ஆண்டுத் தலைமை எந்த நிறுவனத்துக்கும் சற்று நீண்டதே. தருமகர்த்தாவும் தம் தவணையை அறிந்துகொள்ள வேண்டும்.

1991-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் ரத்தன் டாட்டாவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1992-இல் நாடு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது. அதே ஆண்டில், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அவர் ஆற்றிய தொண்டுக்காக ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் வந்தது. இந்தியா பொருளாதார வல்லரசாவதைவிட மகிழ்ச்சியான நாடாவதையே தாம் விரும்புவதாக அவர் கூறியதுண்டு. 1993-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் ஜெனீவா நகரில் அவர் உயிர் நீத்தார். பிறந்த பாரிஸிலேயே அவர் உடல் அடக்கமாயிற்று.

அவருக்குப் பின் நடந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்தத் தலைமை நாற்காலியைச் சுற்றி 2016-இல் பெரும் பூசல் மூண்டது. சைரஸ் மிஸ்திரி நீக்கப்பட்டார். வழக்கு 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அறநிலையம் உடைமையாளராக இருப்பதனாலேயே அமைதி வந்துவிடாது என்பதற்கு அது சான்று. ஆனால், அப்பூசலின் ஊடே 2017-இல் தலைமைக்கு வந்தவர் யார்? நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் படித்த நடராஜன் சந்திரசேகரன். அவர் டாட்டா குடும்பத்தில் பிறந்தவரல்லர், பார்ஸியும் அல்லர். கணிப்பொறி நிறுவனத்தில் படிப்படியாக உயர்ந்தவர். குடும்பத் தொழில் என்ற வீட்டின் தலைவாசல் இவ்வாறு குடும்பத்துக்கு வெளியே இருப்போருக்கும் திறந்தது. இரண்டாவது செய்தி, 2022-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் ஏர் இந்தியா மீண்டும் டாட்டாக்களிடம் வந்து சேர்ந்தது. அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, பெரும் கடன் சுமையுடன் திரும்பி வந்த பிள்ளை அது. ஜே.ஆர்.டி. காணக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால், அதற்காகக் காத்திருந்து அவர் வாழ்ந்தவருமல்லர். தம்முடையதாக இருந்தபோதும் இல்லாதபோதும் ஒரே வகையாகப் பேணியவருக்கு, திரும்பி வருவதும் வராததும் ஒன்றே.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் தந்தையின் கடைச் சாவியை அண்மையில் இடுப்பில் செருகிக்கொண்ட இளைஞர் எவரேனும் இருக்கலாம். பாத்திரக் கடையாக இருக்கலாம். நூல் மண்டியாக இருக்கலாம். அவருக்குத் தொண்ணூற்றைந்து நிறுவனங்கள் வேண்டியதில்லை, விமானமும் வேண்டியதில்லை. அந்தக் கடையில் வேலை செய்யும் நான்கு பேரின் அடுப்பும், கடனுக்குச் சரக்கு அனுப்புகிறவரின் நம்பிக்கையும், நாளை அதே படியில் ஏறப்போகும் அடுத்த தலைமுறையின் உரிமையும் அந்தச் சாவியில் கோத்திருக்கின்றன. இன்றிரவு கல்லாவைப் பூட்டும்போது, "இது என்னுடையது" என்று எண்ணிப் பூட்டலாம். "இது என்னிடம் இருக்கிறது" என்று எண்ணியும் பூட்டலாம். பூட்டு ஒன்றே, எண்ணங்கள் வேறு. இரண்டாவது எண்ணத்தோடு ஒருவர் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் வாழ முடிந்தது என்பதை மட்டும் அவருக்குச் சொல்லி அமைகிறேன்.